ஒன்றில் திருப்பி வைத்தேன்

வெய்யோ மூன்று ஸ்கோப்புகளைக்
கண்ணாடிப் பெட்டிமேல் படுக்க வைத்தான்,
சந்தையில் மீன் பரப்புவதுபோல்.
மூன்றும் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தன.

கூமோ நகரம். மைனஸ் பதினொன்று.
என் துப்பாக்கி குட்டை, குழல் பதினாறரை அங்குலம்.
முதுகில் மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டையில் போகையில்
ஸ்ப்ரூஸ் கிளை எதுவும் அதைப் பிடித்து இழுக்காது.
அதற்காகத்தான் வாங்கினேன்.
அதன் மேல் முக்கால் கிலோ எடையில்
சாஸர் அகல முகத்தோடு ஒன்றை
ஏற்றச் சொல்கிறான் தைஸ்தோ.
குருவி தலையில் பனங்காய்.

"நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டும் ஊர் இது,
பெரிய கண்தான் ஒளி குடிக்கும்" என்றான் காலையில்.
தப்பில்லை. ஆனால் எங்கள் காட்டில்
மூஸ் முந்நூறு மீட்டரில் நின்று போஸ் கொடுப்பதில்லை.
நாற்பது மீட்டரில் மரம் ஒன்று நடக்கத் தொடங்கும்.
அதுதான் மூஸ்.
பதினாறு மடங்கில் அங்கே தெரிவது மயிர்.
வெறும் மயிர்.
எந்தப் பக்கத்து மயிர் என்று கண்டுபிடிப்பதற்குள்
சதுப்பு மறுபடி காலியாக இருக்கும்.

"கண்ணுக்கும் இதற்கும் நான்கு அங்குலமாவது இருக்கட்டும்,
குட்டை என்றால் உதை அதிகம்."
புருவத்தின் மேலிருந்த பிறைத் தழும்பை
வெய்யோ தட்டிக் காட்டினான்.
எனக்கு அவனைப் பிடித்தது. விற்கிறவன்
தன் முட்டாள்தனத்தையும் சேர்த்துக் காட்டுவது அரிது.

போன அக்டோபரில்
இரும்புக் குறியை நம்பிச் சுட்டேன்.
கொஞ்சம் பின்னால் பட்டது.
கொஞ்சம் என்ற சொல்லை
அன்றிலிருந்து கவனமாகத்தான் பயன்படுத்துகிறேன்.
இரண்டு நாள். ஹல்லா மூக்கைத் தாழ்த்தி முன்னே போக,
ரத்தம் புளூபெரி இலைகளில்,
பிறகு இலைகளிலும் இல்லை.
இரண்டாம் நாள் தைஸ்தோதான் கண்டுபிடித்தான்.
"படுத்திருந்தது. ஒரே குண்டு. ஒன்றும் உணரவில்லை."
சதுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு
இரண்டு வெடி கேட்டது.
எதிரொலி என்று வைத்துக்கொண்டேன்.
சதுப்பு எதிரொலிக்காது.

பெரியதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.
துப்பாக்கி வீட்டில், பூட்டுக்குள். இது வெறும் குழாய்.
இருந்தும் ஓர் ஆள்மேல் திருப்பக் கை கூசியது.
தெருவுக்கு அப்பால், வேனில், தைஸ்தோ.
பதினாறு.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
சவரக்கத்திக்குத் தப்பிய மூன்று முடி.
என் நாடி துடிக்க
அவன் முகம் முழுதும் துடித்தது.
ஹல்லாவின் காதைப் பிடித்துக்கொண்டு
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
இவ்வளவு விலைக் கண்ணாடி
உதட்டைக் கொடுத்தது, சொல்லைக் கொடுக்கவில்லை.
இத்தனை அருகில் பார்த்துவிட்டு
எதையும் என்னால் சுட முடியாது.
அல்லது முடியும்,
அது இன்னும் மோசம்.

சின்னதை எடுத்தேன். ஒன்றிலிருந்து நான்கு.
ஒன்றில் திருப்பி வைத்தேன்.
தெரு இருந்த அளவிலேயே இருந்தது.
பனி தள்ளும் டிராக்டர், வேன், நாய்,
சறுக்குப் பலகையை இழுத்துப் போகும் பையன்,
இவற்றுக்கு நடுவே
சுண்டுவிரல் நகம் அளவில் தைஸ்தோ.
கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று
யார் மேலும் நிற்காமல் அலைந்தது.
"இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம்" என்றான் வெய்யோ.
பணத்தைக் கொடுத்தேன்.

"பெரியதா?" வேனில் ஏறியதும் கேட்டான்.
"சின்னது."
தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.
பாலத்தைத் தாண்டும்போது கேட்டேன்,
"அன்றைக்கு எத்தனை?"
வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
"இரண்டு" என்றான். "முதலாவதில் கை நடுங்கிவிட்டது.
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அது."
எங்களுக்கு நடுவே ஹல்லா
கண்ணாடி மங்க மூச்சு விட்டது.

இன்னொரு கிலோமீட்டர் போன பிறகுதான்
நினைவு வந்தது,
மாட்டும் வளையங்களை வாங்கவே இல்லை.
ஐந்து மணிக்கு வெய்யோ கடையை மூடிவிடுவான்.
திருப்பு என்றேன்.
பேசாமல் திருப்பினான்.